கோபித்துக்கொண்டு போக ஓர் அறை

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், படிக்கட்டு திரும்புகிற இடத்தில், முந்தின நாள் வரைக்கும் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாக வைத்த சிமென்ட் ஜாலியும் அதற்கு அப்பால் வாதாங்கொட்டை மரத்தின் உச்சிக் கிளைகளும் மட்டுமே இருந்த இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓர் அறை இருந்தது. முதலில் பார்த்தது மூன்றாவது மாடி கனியம்மாள். பால் வாங்கக் கீழே இறங்கியவள், கதவு திறந்திருந்ததால் தலையை மட்டும் உள்ளே நீட்டி, சுவரோடு சேர்ந்த ஓர் இருக்கையையும், அதற்கு நேராக ஒரு சின்ன ஜன்னலையும், ஜன்னல் வழியே இலைகளையும் பார்த்துவிட்டு, "நல்லா காத்து வருதே" என்று சொல்லிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டாள். திரும்பி வரும்போது கை மாற்றுவதற்காகப் பால் பையை அந்த வாசலில் ஒரு நிமிடம் வைத்தாள். ஓர் அறை வீட்டுக்காரர்களோடு சேர்வது இப்படித்தான். கிரகப்பிரவேசம் என்பதெல்லாம் பிற்பாடு ஐயர்களும் சாமியார்களும் சேர்த்துக்கொண்டது.

அறை எப்படி வந்தது என்று எங்கள் பிளாக்கில் யாரும் அதிகம் கேட்கவில்லை. தூத்துக்குடியில், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டே தொண்டை வறண்டுபோன குடியிருப்பு அது. இருப்பதைப் பற்றிக் கேள்வி கேட்க எங்களுக்கு நேரமில்லை. அந்த அறைக்குக் கீழே தூண் இல்லை, மேலே கயிறு இல்லை, மரத்தின் தோளுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பேச்சிமுத்து மட்டும் இடுப்பில் கைவைத்து அதைச் சுற்ற முடிந்தவரை சுற்றிப் பார்த்துவிட்டு, சங்கத்தின் சார்பில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"இதை யார் கூட்டிப் பெருக்குறது?"

"நான் கூட்டுதேன் மாமா" என்றாள் வினோலியா.

இரண்டாவது மாடியில் இருக்கும் தஸ்நேவிஸ் – எமரன்சியா தம்பதிக்கு ஒரே பிள்ளை வினோலியா. ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரியில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பருவத்தில் அவர்களுடைய ஸ்டுடியோ வகுப்பில் கொடுத்திருந்த வேலை, ஏதாவது ஓர் உணர்வை எடுத்துக்கொண்டு அதற்கு ஓர் இடத்தை வடிவமைப்பது. செங்கல், கம்பி, விலை எதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கணினியில் மாடலாக நின்றால் போதும். வகுப்பில் பாதிப் பேர் தனிமையை எடுத்தார்கள். மூன்று பேர் மௌனத்தை எடுத்து அதற்காக உரக்கச் சண்டை போட்டார்கள். வினோலியா, கோபித்துக்கொண்டு போவதை எடுத்தாள்.

"கோபித்துக்கொண்டு போவது ஓர் உணர்வா?" என்று கேட்டார் குணாளன் சார். ஸ்டுடியோவுக்குப் பொறுப்பாசிரியர், எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறவர்.

"உணர்வு இல்ல சார். உணர்வு வந்தப்புறம் போற இடம்."

"அப்படி ஒரு இடம் எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல சார். அதான்."

இந்தப் பதிலில் இருக்கும் நியாயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய அரண்மனைகளில் ராணிகள் கோபித்துக்கொண்டு போய்ப் படுப்பதற்கென்றே தனி அறை இருந்ததாகச் சொல்வார்கள். ஊடலுக்குத் துறை துறையாக இலக்கணம் எழுதிய நம் முன்னோர்கள், ஊடுகிறவள் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். போதாக்குறைக்கு, ஊடலை வயல் சூழ்ந்த நிலத்துக்கு ஒதுக்கிவிட்டு, கடலும் உப்பும் இருக்கும் நிலத்துக்கு ஏங்கி வருந்துவதை மட்டும் கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி தூத்துக்குடியில் யாருமே கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எமரன்சியா கோபித்துக்கொள்வாள். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுக்களை உள்ள வீட்டில் கோபித்துக்கொண்டு கூடத்திலிருந்து அறைக்குப் போனால் ஐந்தாறு எட்டில் கோபம் முடிந்துவிடும் என்பதால், வாசலைத் தாண்டி அரை மாடி ஏறி, படிக்கட்டில் போய் உட்காருவாள். கால்களை ஒரு படி கீழே வைத்து, முந்தானையை மடியில் சுருட்டி, முதுகைச் சுவரில் சாய்க்காமல் – சாய்த்தால் கோபம் பாதி இறங்கிவிட்டதாக அர்த்தம் – உட்கார்ந்திருப்பாள். மேலே போகிறவர்களும் கீழே போகிறவர்களும் "என்ன மதினி, இங்கன இருக்கிய?" என்பார்கள். "சும்மா, காத்தாட" என்பாள். இப்படி நாலு பேருக்குச் சொன்ன பிறகு எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.

சின்ன வயதிலிருந்து வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கட்டடக்கலை படிக்கப் போனால் வேறு எதை வரைவாள்? அம்மாவை எழுப்பி நிறுத்தி அளவெடுக்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் எவ்வளவு, மடித்த கைக்கு எவ்வளவு, கோபத்தில் தோள் எவ்வளவு ஏறும், எல்லாம் கண்ணிலேயே இருந்தது. லேப்டாப்பில் முதலில் எங்கள் படிக்கட்டை வரைந்தாள். ஜாலியைப் பெயர்த்தாள். வெளியே வெறும் காற்றில் ஒரு தரையை நீட்டி, அதைச் சுற்றிச் சுவரை இழுத்து உயர்த்தி, இருக்கையைப் போட்டு, ஜன்னலை இரண்டு முறை இடம் மாற்றிவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் கனியம்மாள் பால் வாங்க இறங்கினாள்.

ஆரம்பத்தில் சில கோளாறுகள் இருந்தன. மாடல் செய்கிறவர்கள் அவசரத்தில் சுவரை வெறும் பரப்பாக வரைந்துவிட்டு, கனத்தைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். அதனால் முதல் வாரம் அந்த அறைச் சுவருக்குக் கனமே இல்லை; நேராகப் பார்த்தால் சுவர், பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுமில்லை. பேச்சிமுத்து காலண்டர் மாட்ட ஆணி அடித்தபோது அது ஒரே தட்டில் மறுபக்கம் போய் மரத்தில் இறங்கியது. அப்புறம் அந்த மனிதர். கணினியில் புதுக் கோப்பு திறந்தால் அளவு தெரிவதற்காக ஒரு தட்டையான மனிதர் தானாகவே வந்து நிற்பார். கோட்டும் தோள்பையும் போட்டவர், அட்டை கனம்கூடக் கிடையாது, பார்க்கிறவர் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவரை நீக்க வினோலியா மறந்துவிட்டாள். படியேறுகிற ஒவ்வொருவரையும் அவர் முகம் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் கனியம்மாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தன் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றை எடுத்துவந்து அவர் தலையோடு போர்த்திவிட்டு, வினோலியாவைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, உன் வெள்ளக்காரன் குத்தம் சொல்ற மாதிரி ஒண்ணும் செய்யல. ஆனா பொம்பளையாளுக போற வழி பாரு."

வினோலியா அவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு விசையைத் தட்டினாள். படிக்கட்டில் சாரம் மட்டும் தரையில் விழுந்தது. சிலருக்கு வருத்தம்தான், பேச்சிமுத்து அவரோடு பேசப் பழகியிருந்தார். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் ஒன்று தெளிவாயிற்று: அங்கே அழித்தால் இங்கே போய்விடும்.

சுவருக்குக் கனம் வந்தது, அறைக்குப் பழக்கங்களும் வந்தன. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனாலும் வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்றும், கதவைத் தட்டக் கூடாது என்றும், சாப்பாடு கொண்டுவந்து வைக்கலாம் ஆனால் பேசக் கூடாது என்றும், கோபப்படுத்தியவர் வந்து கூப்பிடும்வரை வேறு யாரும் கூப்பிடக் கூடாது என்றும் ஆயிற்று. மகனோடு சண்டை போட்ட பேச்சிமுத்துதான் முதலில் போய் உட்கார்ந்தார். தரைத்தளத்தில் புதிதாகக் குடிவந்த இளந்தம்பதி ஒருநாள் இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு ஒரே நேரத்தில் மேலே ஏறி, ஒரே வாசலில் நின்று, வேறு வழியில்லாமல் சேர்ந்தே உள்ளே போய், வெகுநேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். இதைத் துஷ்பிரயோகம் என்று சங்கம் கண்டித்தது. இதற்கிடையில் குணாளன் சார் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ஏதாவது மாற்றச் சொல்வார், வினோலியா மாற்றுவாள், உள்ளே உட்கார்ந்திருக்கிறவரின் இடது கன்னத்தில் விழுந்த வெயில் வலது கன்னத்துக்குப் போகும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொடர்ந்து கோபமாக இருப்பார்.

எமரன்சியா மட்டும் அந்த அறைக்குப் போகவில்லை. கோபம் வரவில்லை என்பதுதான் காரணம். அது மாதா திருவிழா நெருங்கும்போது வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் எமரன்சியா கோயில் பாடகர் குழுவில் பாடினவள். இந்த ஆண்டு குழுவில் ஆள் குறைய, அதை நடத்தும் லூர்து மாஸ்டர் பழையவர்களை நினைத்துக்கொண்டு போன் செய்தார். எமரன்சியா தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் தஸ்நேவிஸ் எடுத்தார்.

"அவளுக்கு முடியாது மாஸ்டர். வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

துருவல் சத்தம் நின்றது.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? பாட்டு மேடைக்கு அத்தன படி ஏறணும். உனக்கு முட்டு வலி. எனக்குத் தெரியாதா?"

அவர் அன்பாகத்தான் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். தஸ்நேவிஸுக்கு உப்பு லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடை மேடையில் வேலை. லாரி வந்து நிற்கும், தான் என்ன பாரம் சுமக்கிறோம் என்று லாரி சொல்லாது, அவர்தான் சொல்வார். டிரைவர் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். அதே வேலையை இருபது வருஷமாகச் செய்கிறவருக்கு வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்தத் தெரியவில்லை. எமரன்சியா மிச்சத் தேங்காயையும் துருவி முடித்தாள், கையைக் கழுவினாள், வாசலைத் தாண்டி அரை மாடி ஏறினாள், நீல ரப்பர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் வினோலியாவுக்குப் புரிந்தது, அம்மா வருகிறாள், அப்பா இல்லாத நேரத்தில். அவர் எடை மேடைக்குக் கிளம்பியதும் இறங்கி வந்து, குளித்து, சமைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு, அவர் திரும்புவதற்குள் மேலே போய்விடுகிறாள். சாயங்காலம் வருகிற தஸ்நேவிஸ், சூடு ஆறாத குழம்பையும் மடித்துவைத்த கைலியையும் பார்ப்பார். வீட்டில் எமரன்சியாவைத் தவிர எல்லாம் இருக்கும்.

"எப்பா, போய்க் கூப்பிடுங்க" என்பாள் வினோலியா.

"கோவம் தீந்தா வருவா. எத்தன தடவ பாத்துருக்கேன். வந்துருவா."

ஆனால் முன்பு அவள் திரும்பி வந்தது கோபம் தீர்ந்ததால் அல்ல என்பதை வினோலியா இப்போதுதான் யோசித்தாள். "என்ன மதினி, இங்கன இருக்கிய?" என்ற கேள்விக்கு ஐந்தாவது ஆளிடமும் பதில் சொல்ல முடியாமல் வந்தாள். அந்தக் கேள்வி எட்டாத ஓர் இடத்தை மகள் கட்டிக் கொடுத்துவிட்டாள், அம்மாவின் முதுகுக்கும் முழங்காலுக்கும் சரியாக, வெயில் படாமல், காற்று வரும்படி. போவதற்கு அருமையாக ஓர் அறை செய்தவள், திரும்பி வருவதற்கு அதில் எதையும் செய்யவில்லை. வீடும் மெதுவாகப் பழகிக்கொண்டிருந்தது. ஒருநாள் தஸ்நேவிஸ் மேஜையில் இரண்டே தட்டுதான் எடுத்து வைத்தார், யோசிக்காமல். அதைப் பார்த்த அன்றுதான் வினோலியாவுக்குப் பயம் வந்தது. இது இப்படியே நிலைத்துவிடும். சண்டையாகக்கூட இருக்காது, ஏற்பாடாக ஆகிவிடும்.

மாடலைத் திறந்து, கூரையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

மறுநாள் அம்மா சமைக்க வந்தபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அறை கொஞ்சம் குட்டையாச்சோ?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"பரவால்ல. படுத்தா தெரியல."

வினோலியா கூரையை மறுபடி உயர்த்தினாள். வெட்கத்தில், முன்பு இருந்ததைவிட ஒரு சாண் கூடுதலாகவே உயர்த்தினாள். பிறகு வீட்டைப் பார்த்த பக்கம் ஒரு ஜன்னல் வைத்துப் பார்த்தாள். எமரன்சியா அதில் துண்டைக் காயப் போட்டாள்.

பிளாக்கும் சிரமப்பட்டது. எமரன்சியா சமைக்க இறங்கும் நேரம் தவிர அறை காலியாகாததால் மற்றவர்களின் கோபங்கள் எல்லாம் நிலுவையில் நின்றன. தரைத்தளத் தம்பதி வீட்டுக்குள்ளேயே சமாதானம் ஆகவேண்டி வந்தது. பேச்சிமுத்து கோபத்தில் மொட்டை மாடியில் போய் நின்று முகம் கறுத்துப்போய், ஒருநாள் வினோலியாவைப் பிடித்தார்.

"பாப்பா, கம்ப்யூட்டர்ல காப்பி எடுக்கலாம்லா? அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொண்ணு வச்சிரு."

"உள்ள ஆள் இருக்கும்போது காப்பி எடுத்தா அம்மாவும் ரெண்டா வந்துருவாங்க மாமா."

பேச்சிமுத்து நின்று யோசித்தார். "வேண்டாம். உங்கப்பன் தாங்க மாட்டான்."

கல்லூரியில் குணாளன் சாருக்கு மாடல் மிகவும் பிடித்துப்போயிருந்தது, இடம் மட்டும் பிடிக்கவில்லை. இந்த அழுக்குப் படிக்கட்டு எதற்கு, அறையை மட்டும் தூக்கி ஒரு குன்றின் மேல் வை, சுற்றிலும் வானம், பார்த்தவுடனே மனசைத் தொட வேண்டும் என்றார். மவுஸை அவரே பிடித்து அறையைத் தேர்ந்தெடுக்கப் போனபோது வினோலியா அவர் கையின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"சார், வேண்டாம். உள்ள ஆள் இருக்கு."

குணாளன் சார் ஒரு கண்ணை மூடி அவளைப் பார்த்தார். பிறகு வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களா? உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்து வடிவமைக்க வேண்டும். இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

கடைசி மதிப்பீட்டுக்கு முந்தின நாள் அவள் கல்லூரிக்குப் போகவில்லை. அப்பா கிளம்பினார், அம்மா இறங்கி வந்தாள், குளிக்கப் போனாள். நீலச் செருப்பு குளியலறை வாசலில் கிடந்தது. மேலே அறை காலி. வினோலியா லேப்டாப்பைத் திறந்து அறையைத் தேர்ந்தெடுத்தாள். அதன் ஓரங்கள் எல்லாம் நீலமாக ஒளிர்ந்தன. ஒரு தட்டு போதும். அம்மா மேலே ஏறுவாள், அங்கே பழையபடி ஜாலிதான் இருக்கும், படியில் உட்காருவாள், நாலு பேர் கேட்பார்கள், இன்று ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடுவாள். அதில் சந்தேகமே இல்லை.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்கு நடுவே அம்மா ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்தாள். இரண்டு வரி போனாள். மூன்றாவது வரியில் குரல் எட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கீழே இறக்கி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

வினோலியா வெறும் இடத்தில் ஒரு தட்டு தட்டினாள். நீலம் போய்விட்டது, அறை இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் செய்ததெல்லாம் பார்த்ததுதான். தஸ்நேவிஸ் வேலையிலிருந்து வந்தார், சாப்பிட்டார், முகம் கழுவினார், பிறகு சட்டை போட்டுக்கொண்டார். அரை மாடி ஏறுவதற்கு யாராவது இஸ்திரிச் சட்டை போடுவார்களா என்று வினோலியா அதுவரை கவனித்ததில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அப்பா அந்த மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார், தட்டக் கூடாது என்பது நினைவுக்கு வந்து இறக்கினார். வாயைத் திறந்தார். அப்போது கீழேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. உடனே அவர் ஏதோ வேலையாகப் போகிறவர் போல மேற்படிகளில் ஏற ஆரம்பித்தார்.

"என்ன அண்ணாச்சி, எங்க?" என்றது ஏறி வந்த குரல்.

"டேங்கப் பாக்கப் போறேன்."

"தண்ணி எவ்வளவு கெடக்கு?"

"முக்கா டேங்கு கெடக்கு" என்றார் தஸ்நேவிஸ், இன்னும் பார்க்காத தண்ணீரைப் பற்றி.

சற்று நேரத்தில் இறங்கி வந்து மறுபடி நின்றார். மறுபடி யாரோ வந்தார்கள். மறுபடி டேங்க். யோசித்துப் பார்த்தால் சமீபத்தில் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் போல அக்கறையாகக் கவனிக்கப்பட்ட தொட்டி எங்கள் ஊரிலேயே இருந்திருக்காது. தினமும் வந்திருக்கிறார். தினமும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அம்மா இத்தனை வருஷம் எந்த வெட்கத்தில் உட்கார்ந்திருந்தாளோ, அதே இடத்தில், அதே வெட்கத்தில், இப்போது அப்பா நின்றுகொண்டிருந்தார்.

கோபித்துக்கொண்டு போவது ஓர் ஆள் செய்யும் காரியம் என்று வினோலியா நினைத்திருந்தாள். அது இரண்டு ஆள் காரியம். போகிறவருக்கு இடம் கொடுத்தாள், கூப்பிட வருகிறவரை நடுப்படியில் நிறுத்திவிட்டாள். பிழை அவ்வளவுதான். ஆனால் இந்த மாதிரிப் பிழையை மாடலைச் சுற்றிச் சுற்றி எத்தனை கோணத்தில் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மாடலில் யாரும் மாடிப்படி ஏறி வருவதில்லை.

அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு உள்வாங்கி மடித்தாள். படியேறி வருகிறவர் கண்ணுக்குப் படாத ஒரு மடிப்பு. அதற்குள் ஓர் இருக்கை வைத்தாள். அம்மாவின் இருக்கையைப் போலத் தாழ்வாக அல்ல. எடை மேடை ஸ்டூலில் உட்கார்ந்து பழகிய அப்பாவுக்கு உயரமாக. உள்ளே அம்மா உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால், முதுகுக்கு முதுகு வரும்படி. நடுவில் இருந்த சுவரை ஒரு பலகை அளவுக்கு மெலிதாக்கினாள், பேசினால் கேட்கவேண்டும், முகம் பார்க்கவேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. பிறகு காத்திருந்தாள்.

தஸ்நேவிஸ் டேங்கிலிருந்து இறங்கி வந்தார். கதவுக்கு முன்னால் நின்றார். கீழே யாரோ இருமிக்கொண்டு ஏற ஆரம்பித்தார்கள். தப்பிப்பதற்காகத் திரும்பியவர், பக்கத்தில் ஒரு மடிப்பைப் பார்த்தார். எங்கள் பிளாக்கில் யாரும் அந்த அறையைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா, அவரும் கேட்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தார். இருமல் அவரைக் கடந்து மூன்றாவது மாடிக்குப் போயிற்று. அது கனியம்மாள். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். ஆனால் மேலே போனவள் கைப்பிடிச் சுவரில் எட்டி, கீழே நின்ற பேச்சிமுத்துவுக்குக் கையை ஆட்டிக் காட்டினாள். பேச்சிமுத்து கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். மீன் வாங்கி வந்தவர் மீன் பையோடு நின்றார். அன்று சாயங்காலம் எங்களில் யாருக்கும் மேலே போகிற வேலை இல்லாமல் போயிற்று.

சுவரோடு சுவராக நடந்த பேச்சு வினோலியா சொல்லி எங்களுக்குத் தெரியும். அவள் கொஞ்சம் விட்டுச் சொல்லியிருக்கலாம்.

"ஏ எமரி."

சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

இத்தனை நாளில் கேட்ட முதல் சொல் அது. தஸ்நேவிஸ் உற்சாகமானார். "நீ பாட வருவேன்னு!"



"அதையும் நீங்களே சொல்லிட்டீங்க" என்றாள் எமரன்சியா.

"அப்ப வரலைன்னு சொல்லிறவா?"

"நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம்."

"சரி." ஸ்டூலில் பழகிய கால்களை ஆட்டினார், நிறுத்தினார். "எனக்கு இப்ப என்ன கேக்கணும்னு தெரியல, எமரி."

"தெரியலன்னா சும்மா இருங்க."

சும்மா இருந்தார். எங்களுக்குத் தெரிந்து தஸ்நேவிஸ் அத்தனை நேரம் எதையும் சொல்லாமல் இருந்தது அதுவே முதல் தடவை. வாதாங்கொட்டை மரத்தில் காக்கைகள் வந்து அடைந்தன. கீழே மீன் பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.

"உனக்குப் பாடணும்னு இருக்கா?"

"யோசிக்கணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"இது என்ன எடை மேடையா?"

அவர் சிரித்துவிட்டார். உள்ளேயும் ஏதோ சத்தம் கேட்டது, சிரிப்பென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"படி நெறய இருக்கும்லா" என்றார் கொஞ்சம் கழித்து, மெதுவாக. "முட்டுக்காகத்தான் சொன்னேன்."

"முட்டு என்னோடது."

"ஆமா. உன்னோடதுதான்." பிறகு, "யோசி. நான் இங்கனதான் இருக்கேன்."

மறுபடியும் வெகுநேரம். இந்த முறை அவருக்கு அது கஷ்டமாக இருந்த மாதிரி தெரியவில்லை. சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அரை மாடி கீழே மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த வினோலியாவுக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா வெளியே வந்தாள். கீழே இறங்கவில்லை. வெறுங்காலோடு சுற்றி வந்து, அந்த மடிப்புக்கு முன்னால் நின்று, அதற்குள் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"தள்ளி இருங்க" என்றாள்.

தஸ்நேவிஸ் தள்ளினார். தள்ளுவதற்கு இடமில்லை, அது ஒரு ஆளுக்குச் செய்த இருக்கை. எமரன்சியா அப்படியும் ஓரத்தில் பாதி உட்கார்ந்தாள். திரையில் வினோலியா அந்த இருக்கையின் விளிம்பைப் பிடித்து, வழக்கமாக அளவு கேட்கும் கட்டத்தில் எந்த எண்ணையும் தட்டாமல், மெல்ல வெளியே இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் எமரன்சியா மேலேயிருந்து. கணவரிடம் சொன்னாளா மகளிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே கேட்டார்கள்.